உரிமையாளர் என்ற கட்டம்

டெக்சஸ் எல்லையோரத்து அந்தச் சின்ன அலுவலகத்தின் கவுண்டர் மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. வெயிலில் ஒரு வீட்டுக் கிரயப் பத்திரம், பக்கத்தில் கூரை மாற்ற அரசு தரும் மானியத்துக்கான படிவம். வீடு கேட்பவர் பேரில் இருந்தால்தான் மானியம் உண்டு. வீட்டை விற்ற எலிசேயோ கிழவரிடமே பதினோரு வருஷம் மாதத் தவணை கட்டி முடித்த ஒடிலியா, முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்; கையெழுத்துப் போட வந்த கிழவர் பக்கத்தில். அவள் படுக்கைக்கு மேலே இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கூரை; புயல் மாதமும் வந்துவிட்டது. “இப்படித் தவணைக்கு வேற வீடும் வித்திருக்கீங்களா ஐயா? நிறைய வித்தா லைசென்ஸ் வேணும்,” என்று கிழவரைக் கேட்கிறாள் அலுவலகப் பெண். “நான் குடியிருந்த ஒரே வீடு தாயி. என்கிட்ட இருக்கிற லைசென்ஸ் மீன் பிடிக்க.” அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பத்திரத்தில் ‘டக்’கென்று முத்திரை குத்துகிறாள். ஒடிலியா நாக்கைக் கடித்தபடி படிவத்தை நிரப்புகிறாள். தண்ணீர் இணைப்புக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் இத்தனை வருஷம் வீட்டுக்காரர் பேரையே எழுதிப் பழகிய கை, உரிமையாளர் என்ற கட்டத்தில் தானாகவே எழுதுகிறது: எலிசேயோ. கிழவர் எட்டிப் பார்க்கிறார். “அடிப் பாவி மகளே, ஒழுகுற கூரையை மறுபடியும் என் தலையில கட்டப் பாக்கிறியா!” புதுப் படிவம் வருகிறது. ஒடிலியா உள்ளங்கை வேர்வையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தன் பேரோடு அப்பா வழிப் பேரும் அம்மா வழிப் பேரும் சேர்த்து நிதானமாக எழுதுகிறாள். எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம் வரை போகிறது.