காலி நாற்காலி

அந்த மாநாட்டில் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் ஒப்பந்தம் நிறைவேறாது. ஆனால் மறுப்பவர், தலைவர் சுத்தியலைத் தட்டும் நேரத்தில் நாற்காலியில் இருக்க வேண்டும். காலி நாற்காலி என்றால் சம்மதம்.

குட்டித் தீவு ஒன்றின் வேளாண் செயலாளர் குந்தவை காலையிலிருந்து எழவேயில்லை. ஒப்பந்தப்படி வெளிநாட்டு அரிசி வரியில்லாமல் வந்து இறங்கினால் அடுத்த போகம் ஊரில் யாரும் நாற்று விடமாட்டார்கள். எழுந்து போக நேரும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கூட நிற்பதாகச் சொன்ன சின்ன நாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மடியில் போன் அதிர்ந்தது. அவளுடைய அமைச்சர்.

“ரொம்ப நேரமா உக்காந்தே இருக்கீங்களாமே?” கனிவாகத்தான் கேட்டார். “வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாங்கம்மா.”

“நான் எழுந்தா முடிஞ்சுது சார்.”

“தெரியும்மா.”

அவர் குரலுக்குப் பின்னால் கப்பல் சங்கு ஊதியது. “அரிசி மூட்டைய இந்தப் பக்கம் இறக்குடா,” என்று யாரோ கத்தினார்கள்.

“சார், எங்க இருக்கீங்க?”

மேடையில் தலைவர் சுத்தியலைக் கையில் எடுத்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.