பென் டிரைவில் பாப்பா

எங்கள் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போடப்போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். உள்ளே டிக் டிக் என்று சத்தம். ஒரு படம் திறக்க ஒரு யுகம். நடுநடுவே நீலத் திரை.

"ஹார்ட் டிஸ்க் போகப்போகுது" என்றேன்.

மனைவியின் முகம் வெளுத்தது. "ஐயோ, பாப்பா வீடியோவெல்லாம் அதுலதானே இருக்கு!"

"நான் எதுக்கு இருக்கேன்?" திரையில் 'பாப்பா' என்றிருந்த ஐகானைப் பென் டிரைவில் போட்டேன். "பாத்தியா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுது!"

மறுவாரம் டிஸ்க் நின்றேவிட்டது. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைத்துனன் ஒரு வாரம் கழித்து வந்து அதைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள சுத்தற தட்டெல்லாம் உரசிப்போச்சு அத்தான். இனி யாராலயும் ஒண்ணும் எடுக்க முடியாது."

நான் மிடுக்காகப் பென் டிரைவை நீட்டினேன்.

தன் லேப்டாப்பில் செருகினான். 'பாப்பா'வை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அவன் குரல் தணிந்தது.

"அத்தான், இது வெறும் ஷார்ட்கட். நீங்க எடுத்து வச்சது வீட்டை இல்ல, விலாசத்தை. வீடு அந்த டிஸ்க்லயே போயிடுச்சு."

மனைவிக்கு எதுவும் புரியவில்லை. நாற்காலியை இழுத்துத் திரைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் வேணாம்டா தம்பி. அவ 'அம்மா'ன்னு கூப்பிடுவாளே, அதை மட்டும் போடு. அவ நம்மள விட்டுப் போனதுலேருந்து, இந்த ஒரு வாரந்தான் நான் அதைக் கேக்கல."