மனைவியின் பக்கம்

தலையில் அடிபட்ட பிறகு வேலாயுதத்துக்கு இடப்பக்கம் எதுவும் தெரியவில்லை. தட்டில்கூட வலப்பாதி இட்லியை மட்டும் தின்றார். மனைவிக்குரிய இடம் இடப்பக்கம்தான் என்று, வடிவாம்பாள் மருத்துவமனைப் பயிற்சி அறையில் ஆறு நாளும் அங்கேயே உட்கார்ந்தாள். அவரோ வலப்பக்கத்து நோயாளி சகாயமேரியைப் பார்த்துச் சிரித்தார். மேரி அவருடைய தட்டைத் திருப்பி வைத்தாள்; மிச்ச இட்லியும் அவர் கண்ணில் பட்டது. வடிவாம்பாளுக்கு வயிறு எரிந்தது.

"என் புருசன் மூஞ்சியில அப்படி என்னம்மா இருக்கு?"

"தெரியலையேக்கா. எனக்கும் தலையிலதான் அடி. அதுலேர்ந்து எந்த முகமும் அடையாளம் தெரியாது. பாதிச் சாப்பாடு அப்படியே இருந்துச்சு, அதான்." மேரி எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். "இங்க உக்காருங்க."

வடிவாம்பாள் தயங்கியபடி வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

வேலாயுதத்தின் கண்கள் நிறைந்தன.

"இத்தனை நாளா எங்கடி போயிருந்தே?"