துறைமுகச் சேறு

“கொட்டிரும்மா. ரோசாச் செடிக்கு உரமாப் போகட்டும்.”

ஆலை முதலாளி சேனாதிபதி தன் கொடைக்கானல் பங்களாத் தோட்டத்தில் சால்வையும் செருப்புமாக நின்றார்.

சண்முகவள்ளி மூன்று சேற்று ஜாடிகளை மார்போடு அணைத்திருந்தாள். கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருபவள்.

துறைமுகத்தின் அடிச்சேற்றில் கடுகைவிடச் சிறிய ஓட்டுயிர்கள் உண்டு. சேனாதிபதியின் ஆலைக் கழிவு விழும் இடத்தில் மட்டும் அவை ஓடு கோணிச் செத்துக் கிடப்பதை அவள் கண்டுபிடித்துத் தொலைத்தாள்.

பிழைப்பற்றுப்போன மீனவர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். நாளை விசாரணை. சேற்றைக் காட்டாமல் வாயால் சொன்னால் கோர்ட்டு ஏற்காது.

கீழே வெயிலில் கெட்டுவிடுமென்று சேற்றை மலைக்குக் கொண்டுவந்தது வம்பாயிற்று. சேனாதிபதியும் கோடைக்கு இங்கேதான் வருவார். கல்லூரிக்குக் கட்டடம் கொடுத்த புண்ணியவான். ஜாடிகளோடு வராவிட்டால் வேலை போகும் என்று நேற்றே ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்.

டிரைவர் பொன்னுவேல் அவள் துணிப்பையையும் உதறினான். இரண்டு சேலை, சீப்பு, ஒரு பஞ்சாமிர்த டின். அவள் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை.



சேனாதிபதி சட்டென்று செருப்பைக் கழற்றினார். டின்னை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சர்க்கரை வியாதி, வாயில வைக்க முடியல. முருகா!”

டின் பத்திரமாகப் பைக்குத் திரும்பியது.

நன்றாக நாலு வார்த்தை கேட்க அவள் நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு ஜாடியாகக் கவிழ்த்தாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். திருப்தியாகத் தலையாட்டினார். கடலை நாசமாக்கிய மனிதருக்குக் கடலின் வாசனை தெரியாது.

“சேலைக் கரையெல்லாம் ஈரமா கெடக்கே, ஏரியில படகு விட்டீங்களோ?”

“ஆமாங்கய்யா.”

பண்ணைக்காட்டுப் பிரிவைத் தாண்டியதும் மலையிறங்கும் பஸ்ஸில் அவள் தன்னை மறந்து சிரித்தாள். பக்கத்து சீட்டுப் பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

வேலை போனால் போகட்டும். அந்த ஆளுக்கு ரோஜா நன்றாகவே பூக்கும். விடியற்காலையில் ஏரியில் இறங்கி அவள் அள்ளிய சேற்றில் உப்பு ஒரு பொட்டும் கிடையாது.

மடியிலிருந்த டின்னைத் தடவினாள். மூடியைச் சுற்றி அவள் வைத்த மெழுகு அப்படியே இருந்தது.

சேனாதிபதி செருப்பைக் கழற்றிக் கும்பிட்ட துறைமுகச் சேறு, கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.