மரத்துப்போகும் களிம்பு

"வேற ஏதாவது மாத்திரை, மருந்து எடுத்துக்கிட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எதுவும் இல்ல டாக்டர். தலைவலி மாத்திரைகூட நான் எடுத்துக் கொடுத்தாத்தான் போடுவா" என்றான் கணவன்.

அவசர சிகிச்சைப் பிரிவின் முதல் கட்டிலில் அவன் மனைவி நினைவில்லாமல் கிடந்தாள். வலிப்பு வந்து வீட்டு வாசலில் விழுந்தவளை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஊசி போட்டதும் வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் தலைமாட்டுத் திரையில் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லவேளை, நீங்க வீட்டுல இருந்தீங்க" என்றார் டாக்டரம்மா.

"ஆபீஸ்லதான் இருந்தேன். மனசுக்கு என்னமோ பட்டுச்சு, பாதியிலயே கிளம்பிட்டேன். வாசலுக்கு வந்தா இவ செருப்பைப் போட்டுக்கிட்டு எதிர்ல நிக்கறா. என்னைப் பார்த்ததும் அப்படியே சரிஞ்சுட்டா. எங்க கிளம்பினான்னே தெரியல. என்கிட்ட சொல்லாம எங்கயும் போகமாட்டா டாக்டர்."

குரல் உடைந்தது. அவள் வாயோரத்து நுரையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். எடை, ரத்த வகை, காலையில் சாப்பிட்டது, கடைசியாகக் காய்ச்சல் வந்தது என எதைக் கேட்டாலும் அவனிடம் பதில் இருந்தது.

நர்ஸுக்கு மனம் இளகிவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கு நான் எந்த வார்டுன்னே தெரியாது" என்று டாக்டரம்மாவின் காதோரம் முணுமுணுத்தாள்.

"துடிப்பு மோசமாகுது. லிடோகெயின் எடுங்க."

"அது என்ன மருந்து டாக்டர்?" என்று பதறினான் அவன்.

"பல் பிடுங்கும்போது ஈறு மரத்துப்போக ஊசி போடுவாங்களே, அதேதான். நரம்பு வழியா கொடுத்தா தறிகெட்டு ஓடற இதயத்தையும் அடக்கும்."

டாக்டரம்மா மருந்தை ஊசியில் ஏற்றினார். தேவைப்பட்டால் மின்னதிர்ச்சி கொடுப்பதற்காக, முதுகில் ஒட்டும் பட்டையை எடுத்துக்கொண்டு நர்ஸ் அந்தப் பெண்ணைப் பக்கவாட்டில் சாய்த்து ரவிக்கையைத் தளர்த்தினாள். விரல்கள் வழுக்கின.

"டாக்டர், ஊசியைப் போடாதீங்க. முதுகு பூரா என்னமோ அப்பியிருக்கு. மேல பிளாஸ்டிக் தாள் சுத்தியிருக்கு."

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு இளம்பெண் ஒருத்தி உள்ளே ஓடிவந்தாள். கணவனின் தங்கை. கையில் நசுங்கிய டியூப்.

"நான்தான் பூசிவிட்டேன். அண்ணிக்கு என்ன ஆச்சு?"

டாக்டரம்மா டியூபை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்தது. கையிலிருந்த ஊசியை மெல்லத் தட்டில் வைத்தார்.

"இதுவும் லிடோகெயின்தான்" என்றார். "கொஞ்சமா பூசினா தோலோட நின்னுடும். முதுகு முழுக்க அப்பி, காத்துப் படாம மூடினா மொத்தமா ரத்தத்துல இறங்கிடும். வலிப்பும் அதனாலதான், துடிப்பு கெட்டதும் அதனாலதான். இதுக்கு மேல இந்த ஊசியையும் போட்டிருந்தா, நானே இவங்களைக் கொன்னிருப்பேன்."

கணவன் தங்கையைப் பார்த்தான்.

"முதுகுல எதுக்குடி பூசினே?"

"முதுகு வலின்னாங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே பிடிச்சுவிட்டிருப்பேனே" என்று கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு குலுங்கினான்.

டாக்டரம்மா பால் போல வெள்ளையாக இருந்த கொழுப்பு மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார். ரத்தத்தில் கலந்த விஷத்தை அது இழுத்துக்கொள்ளும். முதுகுப் பக்கம் நின்று களிம்பை வழித்துத் துடைத்த நர்ஸின் கை நடுவில் ஒரு நொடி நின்றது. சட்டென்று போர்வையை இழுத்து மூடினாள்.

"சார், நீங்க வெளியே இருங்க."

"நான் இவளை விட்டு நகர மாட்டேன்."

"உடம்பு துடைக்கணும் சார். வெளியே இருங்க." குரலில் இருந்த இளக்கம் போய்விட்டிருந்தது.

அவன் மனமில்லாமல் போனான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

திரையில் கோணல்மாணலாக ஓடிய கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது. ரொம்ப நேரம் கழித்து அவள் கண் திறந்தாள்.

"பயப்படாதீங்க, பிழைச்சுட்டீங்க" என்றார் டாக்டரம்மா. "உங்க வீட்டுக்காரர் வெளியே அழுதுக்கிட்டிருக்கார். கூப்பிடட்டுமா?"

அவள் டாக்டரம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்."

நாத்தனார் பக்கத்தில் வந்து அவள் தலையைத் தடவினாள். "சொல்லிடுங்க அண்ணி. நான் இருக்கேன்."

"லேசர் வெச்சு அழிக்கறதுக்காகக் கிளம்பினேன் டாக்டர். வலிக்கும்னு சொன்னாங்க. அந்த வலி இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது. அதான் இருந்த களிம்பையெல்லாம் பூசச் சொன்னேன்."

"எதை அழிக்க?"

நர்ஸ் அவளை மெதுவாகத் திருப்பிப் போர்வையை விலக்கினாள். தோளிலிருந்து இடுப்புவரை, கொட்டை எழுத்துகளில் பச்சை குத்தியிருந்தது, வெளியே அழுதுகொண்டிருந்தவனின் பெயர்.

"கல்யாணமான புதுசுல அவரே கூட்டிட்டுப் போய்க் குத்த வெச்சார்" என்றாள் அவள். "மரத்துப்போக மருந்து பூசட்டுமான்னு குத்தறவர் கேட்டார் டாக்டர். வேண்டாம், வலிச்சாத்தான் யாரோட பொண்டாட்டின்னு இவளுக்கு ஞாபகம் இருக்கும்னு சொல்லிட்டு, என் கையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டார்."