இயல்பான படம்

"கமராவைப் பார்க்காதேங்கோ அண்ணை, இயல்பா இருங்கோ!"

காலையிலிருந்து மன்னார்த் தெருக்களில் நிரோஷன் இதையே கத்திக்கொண்டிருந்தான். யார் கேட்டார்கள்? எல்லோரும் தலை சீவிக்கொண்டு விறைத்து நின்றார்கள். நாளைக்குக் கொழும்பில் கண்காட்சி. ஒரு படம்கூடத் தேறவில்லை.

உச்சி வெயிலில், பள்ளிமுனைக் கரையில் அதிர்ஷ்டம் அடித்தது. வள்ளத்தின் நிழலில் ஒரு மீனவர் வாய் பிளந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"எழுப்பிப்போடாதேங்கோ அக்கா!" என்று கிசுகிசுத்தபடி முப்பது படம் எடுத்தான்.

"முடிஞ்சுதோ தம்பி?"

"ஓம் அக்கா. இதுதான் இயல்பு!"

மனைவி கணவனின் காலைத் தட்டினார். "எழும்புங்கோப்பா, எடுத்தாச்சாம்."

மீனவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"இயல்பான ஆளைத் தேடுறீங்களெண்டு காலமையே கேள்விப்பட்டனான் தம்பி. கடலுக்கும் போகாமல் எட்டு மணியிலயிருந்து இப்பிடியே கிடக்கிறன். மற்றப் பக்கமும் திரும்பிப் படுக்கட்டோ?"