மண்டை ஓட்டு டின்

“தள்ளாதீங்கலா! டின் எங்கயும் ஓடிடாது!” மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஜூலியஸ் சந்தோஷத்தில் கத்தினார். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் புதுப்படத்துக்கு டிக்கெட் வாங்குகிற கூட்டம்.

கூட்டத்தின் நடுவே பூட்டுப் போட்ட சிவப்பு டின். மூடியில் உண்டியல் வாய், பக்கத்தில் மண்டை ஓட்டுப் படம். கெட்டுப்போன மருந்து, மிச்ச மருந்து எதையும் ஆற்றில் வீசாமல் இதில் போடச் சொல்லி டாக்டர் மோரிஸ் டவுனிலிருந்து அனுப்பியது.

ஒரு வாரமாக ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. “நாளைக்கு டாக்டர் வர்றாரு, என் மானத்தக் காப்பாத்துங்க” என்று நேற்று தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகக் கெஞ்சினார் ஜூலியஸ். இன்று ஆளாளுக்கு முந்தானையிலும் துண்டிலும் மறைத்துக் கொண்டுவந்து போட்டதில் டின் நிரம்பிவிட்டது.

மானம் மட்டுமா? அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரி வேலைக்கு டாக்டர்தான் சிபாரிசு செய்ய வேண்டும்.

ஜூலியஸின் கைராசி அப்படி. எந்தக் காய்ச்சலானாலும் பத்து ரோஸ் மாத்திரை, இரண்டு நாள் லீவுச் சீட்டு. மூன்றாம் நாள் ஆள் பால் வெட்ட வந்துவிடும். சுங்கைப்பட்டாணியில் புதுப்படம் வந்தால் மட்டும் காய்ச்சல் கொஞ்சம் கூடும். கூட்டத்தில் தொற்றிக்கொள்கிறது என்பது ஜூலியஸின் கணிப்பு.

டாக்டர் வந்ததும் டின்னைத் தூக்கிப் பார்த்தார். “அடேயப்பா! என்ன கனம்! உள்ள என்னய்யா இருக்கு?”

“வேற என்ன டாக்டர்? பாசார்ல விக்கிற லேகியம், சூரணம்தான். நம்ம மாத்திரை இருக்கும்போது அதெல்லாம் யாருக்கு வேணும்?”

மாப்பிள்ளை மிடுக்கோடு பூட்டைத் திறந்து, டின்னை மேசைமேல் கவிழ்த்தார் ஜூலியஸ்.

லேகியமும் இல்லை, சூரணமும் இல்லை. மேசை முழுக்க ரோஸ் நிறம். பிரிக்காத பொட்டலங்கள், பொட்டலத்துக்குப் பத்து மாத்திரை, எல்லாவற்றிலும் ஜூலியஸின் கையெழுத்து. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஜூலியஸுக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டத்தில் முன்னால் நின்ற ராக்காயியைப் பார்த்து, “ஒண்ணுகூடச் சாப்பிடலியா? அப்ப காய்ச்சல் எப்படிக்கா போச்சு?” என்றார்.

ராக்காயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“கோவிச்சுக்காதீங்க டிரெஸ்ஸரய்யா… அந்த லீவுச் சீட்டக் கையில வாங்குனதுமே போயிடும்லா!”